முத்திருளனுக்கு ஒரு டம்ளர்

ஜோலார்பேட்டை,
14-4-81

அன்புத் தம்பி கருத்தக்கண்ணனுக்கு அக்கா ஜெயக்கொடி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மச்சானும் குழந்தை முத்துத்தாயும் சுகம். உன் சுகத்தை எழுது. வருஷப் பிறப்புக்குப் பாயசம் வைத்தேன். நீ இல்லையே என்று தொண்டையில் இறங்காமல் நின்றது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இறங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செக்கானூரணி நல்லகாமன், உன் மச்சானுக்குத் தூரத்து உறவு, போன வாரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். அவர் மகள் தங்கப்பொண்ணு பத்தாவது வரை படித்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உனக்குப் பெண் பார்ப்பது என் பொறுப்புத்தானே? பேச்சை எடுத்தேன். மில் வேலை என்றதும் மனிதருக்கு முகம் மலர்ந்தது. "மில்லுன்னா சரித்தான். பெர்மனெண்ட்தானத்தா?" என்றார். "பின்னே? ரெண்டு வருசமாச்சுல்ல" என்று சொல்லிவிட்டேன். நீ அப்படி எழுதவில்லைதான். நீ எழுதினால்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

உன் டோக்கன் நம்பர் என்ன, கேண்டீன் சாப்பாடு எப்படி, கூட்டாளிகள் யார் யார், எல்லாம் விவரமாக எழுது. அவர் கேட்டால் நான் முழிக்கக் கூடாது.

உன் அக்கா,
ஜெயக்கொடி


சமயநல்லூர்,
3-5-81

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதியது. நான் நலம். மச்சானைக் கேட்டதாகச் சொல். முத்துத்தாய்க்கு என் முத்தம்.

கல்யாணத்துக்கு இப்போது என்ன அவசரம்? இருக்கட்டும். மில்லைப் பற்றிக் கேட்டாய். சங்கு ஊதினால் ஆயிரம் பேர் உள்ளே போகிறோம். உள்ளே போனால் ஆள் முகம் தெரியாது, அவ்வளவு பஞ்சு பறக்கும். வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரேயடியாகத் தலை நரைத்திருக்கும். கேண்டீன் பெரிய கட்டிடம். வியாழக்கிழமை வடை போடுவார்கள். அந்த வாசம் கேட் வரைக்கும் வரும்.

கூட்டாளி என்றால் முத்திருளன் என்று ஒருவன் இருக்கிறான். என் வயதுதான். காண்டிராக்ட் ஆள். மில்லில் வேலை செய்கிறான், ஆனால் மில்லின் ஆள் கிடையாது. ஒரு காண்டிராக்டரின் ஆள். அவன் பெயர் மில் பதிவேட்டில் இருக்காது. பெர்மனெண்ட் ஆட்களுக்குப் பித்தளையில் டோக்கன் உண்டு. இவனுக்கு அதுவும் கிடையாது. பின்பக்கக் கேட் வழியாக வந்து போவான். நல்ல பையன், பாவம்.

டோக்கன் நம்பரை எல்லாம் பெண் வீட்டில் எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

அன்புடன்,
கண்ணன்


ஜோலார்பேட்டை,
19-5-81

அன்புத் தம்பிக்கு. நாங்கள் சுகம். இங்கே வெயில் கல்லைப் பிளக்கிறது. மச்சான் தண்டவாளத்தில் நின்று நின்று கன்னங்கரேல் என்று வருகிறார். முன்னாலேயும் அப்படித்தான் இருந்தார் என்பது வேறு விஷயம்.

நான் பத்துக் கேள்வி கேட்டால் நீ வடையைப் பற்றி எழுதுகிறாய். போகட்டும். நல்லகாமனுக்கு ஒரு யோசனை. ஆயுத பூஜை அன்றைக்கு மில்லைத் திறந்து விடுவார்களாமே? குடும்பத்தோடு போய் மெஷினைப் பார்க்கலாமாம். அவர் ஊர்க்காரர் ஒருவர் அங்கே வேலை பார்க்கிறாராம். அன்றைக்கு எல்லோரும் வருகிறோம். உன் மெஷினுக்கு நீ சந்தனம் வைப்பதை நான் பார்க்க வேண்டும். ரயில்வே பாஸ் இருக்கிறது, அலுங்காமல் வந்துவிடலாம்.

அந்த முத்திருளனைப் பற்றி இன்னும் எழுது. நீ எழுதியதிலேயே அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

ஜெயக்கொடி


சமயநல்லூர்,
28-6-81

அன்புள்ள அக்காவுக்கு. நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே.

முத்திருளனைக் கேட்டாய். சொல்கிறேன். கேண்டீனுக்குள் உட்கார டோக்கனைக் காட்ட வேண்டும். அதனால் அவனும் மற்ற காண்டிராக்ட் ஆட்களும் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பார்கள். அங்கே ஒரு ஜன்னல். அதன் வழியாக டீ ஊற்றுவார்கள். டம்ளர் தர மாட்டார்கள். அவனவன் ஒரு டப்பா வைத்திருப்பான். முத்திருளனுடையது பால் பவுடர் டப்பா, கம்பியில் கைப்பிடி போட்டது. குடித்துவிட்டுச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதாகத் தெரியவில்லை, அக்கா. அதுதான் எனக்கு விளங்கவில்லை. நம் ஊர் டீக்கடை உனக்கு நினைவிருக்கிறதா? நாம் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்போம். கூரை ஓரத்தில் நாலு சிரட்டை செருகியிருக்கும். காலனி ஆட்கள் வந்தால் அதை எடுத்துக் கழுவி, எட்டி நின்று நீட்டுவார்கள். தினம் பார்த்தேன். ஒரு நாளாவது அது ஏன் என்று நான் கேட்டேனா? என் கண்ணில் அது படவே இல்லை. இப்போது டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரட்டை ஞாபகம் வருகிறது.

முத்திருளனுக்கு இருமல் வேறு. பஞ்சு நெஞ்சில் இறங்காமல் இருக்க மில்லில் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பார்கள். அதுவும் டோக்கன் உள்ளவர்களுக்குத்தான்.

ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணன்


ஜோலார்பேட்டை,
8-7-81

தம்பிக்கு. நாங்கள் சுகம். நீ சுகமாக இருந்தாலும் இந்தக் கடிதத்தில் உனக்குத் திட்டு உண்டு.

ஏண்டா, அவன் வெளியே டப்பாவோடு நிற்கிறான், நீ உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்கிறாயா? எப்படி இறங்குகிறது உனக்கு? நம் ஊர் டீக்கடையில் கேட்கத் தெரியவில்லை, சின்ன வயசு, சரி. நானும்தான் கேட்கவில்லை. இப்போது மீசை முளைத்து எவ்வளவு காலம் ஆகிறது? அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உன் பக்கத்தில் உட்கார வை. யார் என்ன செய்துவிடுவார்கள்? என் தம்பி நான்கு பேருக்குப் பயந்து டீ குடிக்கிறான் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தை மச்சானிடம் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கும் உன் மேல் கோபம் போல.

இருமலுக்குச் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அது முத்திருளனுக்கு. நீ தின்றுவிடாதே.

ஜெயக்கொடி


சமயநல்லூர்,
30-8-81

அன்புள்ள அக்காவுக்கு. நலம். பார்சல் வந்தது. முத்திருளனிடம் சேர்த்துவிட்டேன். இருமல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. உனக்கு நன்றி சொல்லச் சொன்னான். "எங்கக்கா இருந்தாலும் இப்படித்தான் செய்யும்" என்றான்.

அவனை உள்ளே உட்கார வைக்க என்னால் முடியாது, அக்கா. நீ நினைப்பது போல அது அவ்வளவு லேசில்லை. உட்கார்ந்தால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. அவனுக்குப் பதிலாக வர ஐம்பது பேர் கேட்டில் நிற்கிறார்கள். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

இந்த வருஷம் மில்லில் ஆயுத பூஜை கிடையாது என்று பேச்சு. ஏதோ நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் தகராறு. அதனால் நீங்கள் வர வேண்டாம். வீண் அலைச்சல். நல்லகாமன் மாமாவுக்கும் சொல்லிவிடு.

கண்ணன்


ஜோலார்பேட்டை,
9-9-81

தம்பிக்கு. சுகம். பூஜை இல்லாத மில்லா? நல்ல மில்தான் போ. சரி, வரவில்லை. புதுச் சேலை எடுத்து வைத்திருந்தேன். அது கிடக்கட்டும் பெட்டியில்.

ஜெயக்கொடி


சமயநல்லூர்,
20-10-81

அன்புள்ள அக்காவுக்கு. நான் நலம். உன்னிடமிருந்து ஒன்றரை மாதமாகக் கடிதமே இல்லை. குழந்தைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? மச்சானுக்கு வேறு ஊருக்கு மாற்றலா? என் மேல் கோபம் என்றால் கோபித்தாவது எழுது. உன் திட்டு இல்லாமல் இங்கே பொழுது போகவில்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு வேலை இல்லை. நாள் முழுக்க அறையில் படுத்துத் தூங்கினேன்.

தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. ஒரு வரி போடு.

கண்ணன்


ஜோலார்பேட்டை,
1-11-81

மாப்பிள்ளைக்கு உன் மச்சான் காளை எழுதுவது. எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், கூட்டிப் படித்துக்கொள். எல்லோரும் சுகம். உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் குழாயடிக்குப் போயிருக்கிறாள்.

நாங்கள் ஆயுத பூஜை அன்றைக்கு வந்திருந்தோம் மாப்பிள்ளை. மில்லில் பூஜை உண்டு என்று நல்லகாமனுக்கு அவர் ஊர்க்காரர் எழுதியிருந்தார். கண்ணனுக்குத் தெரியாமல் போய் நிற்போம், சந்தோஷப்படுவான் என்று உன் அக்கா அந்தப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திருச்சியில் வண்டி மாறி சமயநல்லூரில் இறங்கினோம். நல்லகாமன் முன்னால் போய்விட்டார். குழந்தை பாலுக்கு அழுததால் நாங்கள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம்.

உன்னை முதலில் பார்த்தது ஜெயக்கொடிதான். வாழை மரம் கட்டிய கேட்டுக்கு வெளியே, கயிறு கட்டி விட்ட இடத்தில், குடும்பம் குடும்பமாக உள்ளே போகிறவர்கள் கழற்றிப் போட்ட செருப்பை நீ அடுக்கிக்கொண்டிருந்தாய். சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். சிவப்பு வார் வைத்த புதுச் செருப்பு ஒன்றை வாங்கி வைத்தாயே, அது நல்லகாமனுடையது. அவர் உன்னைப் பார்த்ததில்லை. நீயும் அவரைப் பார்த்ததில்லை.

உன் அக்கா ரோட்டில் இறங்கிவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அது தப்போ சரியோ, எனக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நல்லகாமன் வந்தார். "உள்ள அம்புட்டுப் பேரையும் கேட்டுட்டேன். கருத்தக்கண்ணன்னு பேரே கேள்விப்பட்டதில்லங்கிறாக. ஒருத்தரு மட்டும், செருப்புக்கிட்ட ஒருத்தன் நிக்கிறான், அவன வேணாக் கேட்டுப் பாருங்கன்னாரு" என்றார். உன் அக்கா, "கேக்க வேண்டாம். அவன்தான்" என்றாள்.

திரும்பும்போது வண்டியில் அவளிடம் நான் ஒன்று சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். பெர்மனெண்ட் ஆவதற்கு முன்னால் ரயில்வேயில் நான் பதினொரு வருஷம் கேசுவல். மழை வந்தால் பெர்மனெண்ட் ஆட்கள் சாமான் வைக்கும் கொட்டகைக்குள் போய்விடுவார்கள். நாங்கள் வெளியே நனைவோம். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "ஏ கேசுவல்" என்பார்கள். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் சிவனாண்டி என்று ஒருவனுக்கு நடப்பதாக உன் அக்காவிடம் சொல்வேன். அவள் பாவப்பட்டு அந்தச் சிவனாண்டிக்கு ஒரு நாள் கோழிக் குழம்பு கொடுத்தனுப்பினாள். நான்தான் தின்றேன். அதனால் உன் முத்திருளனை எனக்கு ஜூலை மாதமே தெரியும்.

இப்போது தினமும் இன்லண்ட் லெட்டரை எடுக்கிறாள், வைத்துவிடுகிறாள். நீதான் முதலில் எழுத வேண்டும்.

காளை


சமயநல்லூர்,
22-11-81

அன்புள்ள அக்காவுக்கு. எல்லோரும் நலமா? மச்சான் எழுதியிருந்தார். அவரைக் கோபிக்காதே.

முத்திருளன் என்று இங்கே யாரும் இல்லை. டப்பா என்னுடையது. இருமல் என்னுடையது. வடை வாசம் கேட் வரை வரும் என்று எழுதினேனே, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதன் ருசி எனக்குத் தெரியாது. மில்லில் வேலை கிடைத்தது என்று முதலில் எழுதினேன். அது பொய்யில்லை. நீ ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன பிறகு மிச்சத்தை எழுதக் கை வரவில்லை. முத்திருளன் மேல் போட்டு எழுதியபோது எல்லாவற்றையும் எழுத முடிந்தது. நீ அவனுக்காகத் திட்டி எழுதிய கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? எனக்காக ஒருத்தி சண்டை போடுகிறாள், அதுவும் என்னோடேயே.

பூஜைக்கு முந்தைய இரண்டு நாளும் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வர்ணக் காகிதம் ஒட்டியது நாங்கள்தான். பூஜைக்கு எங்களை உள்ளே விடவில்லை. அந்தச் சிவப்பு வார் செருப்பு நன்றாக நினைவிருக்கிறது. "பத்திரம் தம்பி, புதுசு" என்றார். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். அதெல்லாம் போகட்டும். இரண்டு வருஷம் ஒரே கூரைக்கடியில் வேலை பார்த்தும் உள்ளே ஒருவருக்கும் என் பேர் தெரியாது என்று மச்சான் எழுதியதைப் படித்ததும்தான் அழுதேன்.

மச்சான் கடிதம் வந்த மறுநாள் டீ நேரத்தில் ஜன்னலுக்குப் போகவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ ஊற்றுகிற பையன் ஆள் யார் என்று பார்க்காமலே டப்பாவில் ஊற்றிவிட்டுப் போனான். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து அடுத்த மேஜைக்குப் போனார்கள். முகத்தில் வெறுப்பு ஒன்றும் இல்லை, அக்கா. நம் ஊர் டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்த மாதிரியேதான் அவர்களும் இருந்தார்கள். கேண்டீன் மானேஜர் வந்தார்.

"டோக்கன் எங்கடா?"

"டோக்கன் இல்ல சார். பேரு இருக்கு. கருத்தக்கண்ணன்."

அவர் காண்டிராக்டருக்கு ஆள் அனுப்பினார். எதிரே சேக் இஸ்மாயில் என்று மெஷின் ரிப்பேர் பார்க்கும் பெர்மனெண்ட் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் எழுந்து போகவில்லை. "குடி தம்பி. டீ ஆறிரப் போவுது. எப்படியும் வெளிய அனுப்பத்தான் போறாங்க, குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். டீ ஜன்னலில் ஊற்றும் அதே டீதான்.

அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். அறையில் சும்மா இருக்கிறேன். முந்தாநாள் சேக் இஸ்மாயில் பாய் தேடி வந்தார். என் இடத்தில் மறுநாளே முனியாயி போய் உட்கார்ந்ததாம். மில்லைப் பெருக்கும் காண்டிராக்ட் அக்கா அது. கேட்டதற்கு, "எடம் சும்மாதானய்யா கெடக்கு, கால் வலிக்குது" என்றதாம். அதற்கு அடுத்த நாள் ஐந்து பேர். ஏழு பேரையும் சேர்த்து நிறுத்தினால் மெஷினைத் துடைக்கப் பழகின ஆள் இல்லை. சங்கத்தில் பாயும் இன்னும் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லி மேஸ்திரி சொல்லி அனுப்பியிருக்கிறார். பெர்மனெண்ட் இல்லை. அதே காண்டிராக்ட்தான். உட்கார விடுவார்களா என்பதும் தெரியாது. நான் உட்காருவேன்.

உனக்கு என்னால் தலைகுனிவு. நல்லகாமன் மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கண்ணன்


ஜோலார்பேட்டை,
6-12-81

என் தம்பி கருத்தக்கண்ணனுக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே மூவரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சமைத்ததில் உப்பு ஒழுங்காக விழவில்லை. மச்சான் வாய் திறக்காமல் தின்றார்.

நல்லகாமன் சம்பந்தம் முடிந்துபோன கதை. "செருப்புக் காக்குறவனுக்கு எம்பொண்ணக் குடுக்கச் சொல்றியாத்தா?" என்று வண்டி ஏறும் முன்னாலேயே கேட்டுவிட்டார். "ஒங்க செருப்ப ஒரு ஜோடி மாறாமக் குடுத்தான்ல மாமா? போங்க" என்றேன். பெர்மனெண்ட் என்று சொன்னது நான்தானே, நீ இல்லையே. அந்தப் பழி என்னோடு. எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தங்கப்பொண்ணு நல்ல பிள்ளை.

தலைகுனிவு என்று இனி எழுதினால் நேரில் வந்து உதைப்பேன். அன்றைக்கு ரோட்டைக் கடந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு செருப்பை அடுக்கியிருக்க வேண்டும். நிறுத்தினார் என்று மச்சான் மேல் போடலாம். ஆனால் அவர் பிடித்தது லேசாகத்தான். உதறியிருந்தால் கை விட்டிருக்கும். எனக்குக் கால் வரவில்லை, புதுச் சேலை கட்டியிருந்தேன். உன்னிடம் அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

உன் கல்யாணத்துக்கு என்று எவர்சில்வர் பாத்திரம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். நேற்று பேர் வெட்டுகிறவன் தெருவில் வந்தான். இரண்டு டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றில் 'முத்திருளன்' என்று வெட்டச் சொன்னேன். அது இங்கேயே இருக்கும். மச்சான் காலையிலிருந்து அதில்தான் காப்பி குடிக்கிறார், இறக்கி வைக்க மாட்டேன் என்கிறார். இன்னொன்றில் உன் பேர். தலைப்பெழுத்து மட்டும் போதுமா என்று கேட்டான். முழுசாக வெட்டு, தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி வெட்டு என்றேன். பார்சலில் வருகிறது. டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டு போ. ஆணியில் மாட்டாதே. மேஜை மேல் வை, பேர் வெளியே தெரிகிற மாதிரி. முனியாயி அக்காளுக்கும் மற்ற ஐந்து பேருக்கும் பேர் என்ன என்று எழுது, பாத்திரம் இன்னும் இருக்கிறது.

சித்தரத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இருமல் எப்படி இருக்கிறது? முத்திருளனைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன்.

உன் அக்கா,
ஜெயக்கொடி